வானிலிருந்து வயலைக் கண்ட கதை

தென்னைக்கு நோய் கண்டால், ஓலை மஞ்சளித்த பிறகே நாம் அறிகிறோம். அதற்கு முன்பே அறிய இயலுமா? இக்கேள்வியில்தான் நம் நாட்டின் தொலையுணர்வுப் பணி வேர்கொண்டது எனலாம். 1970-ஆம் ஆண்டு கேரளத்தில் வேர்வாடல் நோய் பரவிய தோப்புகளின் மீது, பேராசிரியர் பிஷரோட்டியும் அவருடைய குழுவினரும் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படம் பிடித்தனர். நலமான இலை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும்; நலிந்த இலை அவ்வளவு அனுப்பாது. தரையில் நிற்பவனுக்கு ஒன்றுபோல் தோன்றும் மரங்கள் படத்தில் வேறுபட்டு நின்றன.

அக்கண்ணையே விண்ணில் ஏற்றும் முயற்சியாக, 1979-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி, சோவியத் ராக்கெட் ஒன்றின் மூலம் பாஸ்கரா-1 செலுத்தப்பெற்றது. 1981-இல் பாஸ்கரா-2 தொடர்ந்தது. இவற்றின் காமிராக்களுக்கு ஒரு கிலோமீட்டர் சதுரமான நிலம் ஒரே புள்ளி. அதாவது, சுமார் 250 ஏக்கர்! ஓர் ஊரின் ஆயக்கட்டு முழுவதும் அதில் அடங்கிவிடும். காடு, வெள்ளம், பனி ஆகியவற்றை அறிய அது உதவும். சர்வே எண்ணைத் தேடுவோருக்கு உதவாது.

1988 மார்ச் 17-இல் பைக்கானூரிலிருந்து சென்ற ஐ.ஆர்.எஸ்.-1ஏ இக்குறையைப் பெரிதும் நீக்கியது. அதன் ஒரு காமிராவில் ஒரு புள்ளி 72.5 மீட்டர் சதுரம்; ஏறக்குறைய 1.3 ஏக்கர். மற்றதில் 36.25 மீட்டர், அதாவது சுமார் 32 சென்ட். சுமார் 904 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 22 நாட்களுக்கு ஒருமுறை அதே நிலத்தை அது மீண்டும் பார்த்தது. நாற்று நட்டதும், கதிர் முற்றியதும், அறுவடை முடிந்ததும் தனித்தனியே பதிவாயின.

குடிநீர்த் திட்டங்களுக்கான நிலத்தடி நீர் வரைபடங்கள் வரையவும் இத்தகைய படங்கள் துணைபுரிந்தன. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். செயற்கைக்கோள் பூமிக்குள் இருக்கும் நீரைக் காண்பதில்லை. பாறைப் பிளவுகள் மேற்பரப்பில் நீண்ட கோடுகளாகத் தெரிகின்றன. தூர்ந்த ஓடைத் தடங்களும், கோடையிலும் மங்காத பசுமையும் தெரிகின்றன. நம் மாவட்டங்கள் பலவற்றில் உள்ளது போன்ற கடும்பாறை நிலத்தில் நீர் தங்குவது பெரும்பாலும் பிளவுகளிலேயே. ஆதலால் அக்கோடுகள் நல்ல சாட்சிகள்; ஆனால் நேரில் மின்தடைச் சோதனை செய்யாமல் அச்சாட்சியை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

என் வட்டாரத்தில் ஓர் ஊரில், தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார்கள். இரண்டிலும் புழுதிதான் வந்தது. செலவு, பஞ்சாயத்தின் பொது நிதி. மூன்றாவதற்குத் தீர்மானம் வருமுன், வரைபடத்தை ஒருமுறை பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு வடக்கே, புறம்போக்கின் குறுக்கே ஒரு கோடு செல்கிறது.