இரவில் வீடு புகுந்தவனை வெட்டினால் கொலைக் குற்றமா?

கேள்வி: எனக்கு வயது 68. காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லை. தனியாக இருக்கும் வயசானவர்களை அடித்துக் கொன்று நகையை எடுத்துப் போகிற செய்திகளைப் படித்ததிலிருந்து, கட்டிலுக்கு அடியில் அரிவாள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ராத்திரியில் கம்பி வேலிக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். “ஒரு உயிரை எடுத்துப்போட்டு இந்த வீட்டில் எப்படிங்க குடியிருக்கிறது?” என்கிறாள் மனைவி. திருடன் உள்ளே வந்து, நான் வெட்டி, அவன் செத்துப்போனால் நான் கொலைகாரனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஐயா, முதலில் கரண்ட் விஷயம். அந்த யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

பீகாரில் ஒருவர் வீட்டுக் கழிப்பறையை அண்டை வீட்டார் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்திருந்தது. ஆத்திரப்பட்ட வீட்டுக்காரர், கழிப்பறைக்குப் போகிற வழியில் உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். பக்கத்து வீட்டுப் பெண் அதைத் தொட்டு இறந்துபோனார். என் இடத்துக்குள் அத்துமீறி வந்தவர்தானே, என் சொத்தைக் காக்க எனக்கு உரிமை இல்லையா என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடிப் பார்த்தார். 1963-ல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, தண்டனையை உறுதி செய்தது. அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவர் உயிரைப் பொறி வைத்துப் பறிக்க முடியாது. உங்கள் வேலியை விடிகாலையில் தொடப்போவது பால் கறக்க வருகிறவராகவோ ஆட்டைத் தேடி வரும் சிறுவனாகவோ இருக்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டதாக நினைத்துக் கொடியில் துணி காயப்போடப் போகும் உங்கள் மனைவியாகவும் இருக்கலாம்.

இனி உங்கள் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது. சொத்தைக் காக்கும்போது எதிராளிக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குப் போகலாம் என்று 41-வது பிரிவு சில நிலைமைகளில் மட்டும் அனுமதிக்கிறது: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், தடுக்காவிட்டால் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சவைக்கும் திருட்டு அல்லது அத்துமீறல். ஆக, நடுராத்திரியில் கிரில்லைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வருகிறவனை எதிர்க்கச் சட்டம் உங்களை அனுமதிக்கிறது. பட்டப்பகலில் தேங்காய் பறித்துக்கொண்டு போகிறவனை வெட்ட அனுமதிக்கவில்லை.

ஆனால் 41-க்கு மேலே 37-வது பிரிவு நிற்கிறது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயம் விளைவிக்கக் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. வீட்டை உடைத்துப் புகுந்தவனுக்கு எதிரான உரிமை, அவன் வீட்டுக்குள் இருக்கும் வரைதான் என்கிறது 43.

பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் தோற்கின்றன. கடப்பாரையை ஓங்கிக்கொண்டு வருகிறவனைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அடிக்கிறீர்கள், அவன் சாகிறான்: சட்டம் உங்கள் பக்கம். அவனே கடப்பாரையைப் போட்டுவிட்டு வாசலைத் தாண்டி ஓடுகிறான், நீங்கள் கிணற்று மேடு வரை துரத்திப்போய்ப் பின்கழுத்தில் வெட்டுகிறீர்கள் என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பிடித்து மரத்தில் கட்டிவைத்து ஊரே கூடி அடித்துக் கொல்வதற்குத் தற்காப்பு என்ற பேச்சே கிடையாது, அது கொலைதான். பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும்.

உயிர்ப்பயத்தில் இருப்பவர் அடியைத் தராசில் நிறுத்துப் போட முடியாது என்பது நீதிமன்றங்களுக்கும் தெரியும். ஆபத்து வந்தால் கோழையைப் போல ஓடி ஒளிய வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதை 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. முன்கூட்டித் திட்டமிடாமல், நல்லெண்ணத்தோடு செயல்பட்டு எல்லை மீறியிருந்தால் அது கொலையாகாத மரணமாகக் குறையும். அப்போதும் சிறை உண்டு.

உயிரிழப்பு நேர்ந்தால் வழக்குப் பதிவாகும், கைதும் நடக்கலாம். தற்காப்பு என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத் தகுந்ததாக இருந்தால் போதும். ஆகவே 112-க்குப் பேசுங்கள், அடிபட்டவனுக்கு ஆம்புலன்ஸ் கேளுங்கள், ரத்தத்தைக் கழுவாதீர்கள், நடந்ததை நடந்தபடி முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள். ஒரு சின்னப் பொய் உண்மையான தற்காப்பையும் கெடுத்துவிடும்.

உங்கள் மனைவி கேட்டது சட்டத்தைவிடப் பெரிய கேள்வி. உங்களையோ அவரையோ கொல்ல வருகிறவனைத் தடுக்கும்போது அவன் செத்தால் அதில் பாவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நகைக்காக என்றால் நான் அவர் பக்கம். குடியிருக்கும் வீட்டில் திருடினால் அதிகபட்சம் ஏழாண்டுச் சிறை. ஒரு நீதிபதியே மரண தண்டனை விதிக்க முடியாத குற்றத்துக்கு நீங்களும் நானும் எப்படி விதிக்க முடியும்?

நகையைப் பேங்க் லாக்கருக்கு மாற்றுங்கள். வாசலிலும் கிணற்றடியிலும் விளக்குப் போடுங்கள், நாய் வளருங்கள். படுக்கையறைக் கதவைக் கெட்டியாக்கி உள்தாழ்ப்பாள் வையுங்கள். சத்தம் கேட்டால் இருவரும் உள்ளேயே இருந்து போனைப் போடுங்கள். 68 வயதில் ஆயுதத்தை எதிராளி பிடுங்கிக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம். நாளைக்கே உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய், தனியாக இருக்கிறோம், இரவு ரோந்தில் எங்கள் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வாருங்கள்.