லயன் அறையும் காணி உறுதியும்: மலையகச் சொத்துரிமை குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் நெடுங்காலம் பாகப்பிரிவினை பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பிரிப்பதற்குச் சொத்து என்று ஒன்று இருந்தால்தானே பங்கு பற்றிய வழக்கு எழும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர்கள் குடியிருந்த லயன் அறைகள் தோட்டத்துக்கே உரியவையாக இருந்தன. அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடிக் காணியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டு, சில குடும்பங்களுக்கு உறுதிகளும் வழங்கப்பட்டதை அடுத்தே, யாருக்கு என்ன உரிமை என்ற கேள்வி வீடுகளுக்குள் நுழைந்துள்ளது. அக்கேள்விக்குத் தோட்டங்களில் சொல்லப்படும் விடைகள் பலவும் சட்டத்தோடு பொருந்துவதில்லை.

நம்பிக்கை: நான்கு தலைமுறையாக வாழ்ந்த லயன் அறை, வாழ்ந்தவருக்கே சொந்தமாகிவிடும்.

உண்மை: 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் இடையறாது அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது மெய்யே, ஆனால் அந்த அனுபவம் உரிமையாளரின் உரிமையை ஏற்காது, அதற்கு எதிராக நடந்ததாக இருக்க வேண்டும். தோட்டத்தில் பெயர் பதிந்து, தொழிலாளி என்ற முறையில் அனுமதியுடன் குடியேறியவரின் வாசம் எத்தனை ஆண்டு நீடித்தாலும் எதிரான ஆட்சியாகத் தானே மாறிவிடுவதில்லை. மேலும், 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதற்கு 1975ஆம் ஆண்டு வந்த திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 முதல் நிர்வாகத்தை ஏற்றுப் பின்னர் நீண்டகாலக் குத்தகை பெற்ற கம்பனிகள் குத்தகைக்காரர்களே அன்றி உரிமையாளர் அல்ல. அரசின் காணிக்கு எதிராக மேற்சொன்ன பத்தாண்டு விதி செல்லுபடியாகாது.

நம்பிக்கை: வேலையை விட்டால் தோட்டத் துரை மறுநாளே பெட்டி படுக்கையை வெளியே எறியலாம்.

உண்மை: உரிமை இல்லை என்பதும் பாதுகாப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. தோட்டக் குடியிருப்புகள் தொடர்பான 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றித் தொழிலாளியைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கிறது. வாய்மொழி மிரட்டலோ கதவுக்கு இடும் பூட்டோ அக்கட்டளைக்கு ஈடாகாது.

நம்பிக்கை: திறப்பு விழாவில் கிடைத்த சாவியும் கடிதமும், அல்லது முத்திரைத்தாளில் எழுதிப் பெரியவர்கள் ஒப்பமிட்ட ஒப்பந்தமும் உறுதிக்குச் சமம்.

உண்மை: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியாருக்கிடையே காணி கைமாறுவதாயின் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் ஒப்பமிடப்பட வேண்டும், இல்லையெனில் அக்கைமாற்றத்துக்குச் சட்ட வலு இல்லை. ஆகவே லயன் அறையையோ தோட்டத்து மரக்கறி நிலத்தையோ காசு கொடுத்து ‘எழுதி வாங்கியவர்’ காணியை வாங்கியவராக மாட்டார். அரசு தரும் அளிப்பு உறுதிக்கு வேறு நடைமுறை உண்டு. ஆனால் வீட்டை ஒப்படைக்கும் கடிதம் அந்த உறுதி ஆகாது. உறுதி கிடைத்த பின் அதைக் காணிப் பதிவகத்தில் பதிவதும் இன்றியமையாதது. பதியாத உறுதியை, அதே காணிக்குப் பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்த உறுதி தோற்கடித்துவிடக்கூடும்.

நம்பிக்கை: வீடு மகனுக்கே; சீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கில்லை. தமிழருக்குத் தேசவழமை, மலைநாட்டுக் காணிக்குக் கண்டியச் சட்டம்.

உண்மை: தேசவழமை வடமாகாணத் தமிழருக்கான வழமைச் சட்டம், கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்குரியதே அன்றி, மலைநாட்டில் கிடக்கும் காணி என்பதற்காகப் பொருந்துவதன்று, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமோ இந்தியாவுக்குரியது. மலையகத் தமிழருக்குப் பொருந்துவது நாட்டின் பொதுச் சட்டமாகிய, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். மரண சாசனம், அதாவது இறந்தபின் சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கும் ஆவணம் இல்லாமல் ஒருவர் இறந்தால், உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதியும், மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாகவும் சேரும். கணவனின் பெயரில் மட்டும் இருந்த வீட்டில் மனைவிக்கு இரண்டில் ஒரு பங்கு. பிள்ளைகள் மூவராயின் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒரு பங்கு. பெற்றோரிடம் கூடுதலாகப் பெற்ற சீதனத்தைப் பங்கிடும்போது கணக்கில் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறதே தவிர, சீதனம் பெற்ற மகளை வாரிசு வரிசையிலிருந்து நீக்குவதில்லை. அரசு அளித்த உறுதியில் பின்னுரிமை பற்றியோ விற்பனை பற்றியோ நிபந்தனை இருந்தால், அதையே முதலில் வாசிக்க வேண்டும்.

நம்பிக்கை: கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற, பதியாத திருமணம் செல்லாது; ஆனால் எடுத்து வளர்த்த பிள்ளைக்கு வீடு சேரும்.

உண்மை: நிலைமை நேர்மாறானது. வழக்கப்படி சடங்குகளோடு நடந்த திருமணத்தைப் பதியாத காரணத்துக்காக மட்டும் நீதிமன்றங்கள் தள்ளிவிடுவதில்லை. ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததும் அதற்குத் துணைச் சான்றாகும். எனினும் அதை நிறுவும் சுமை பெரும்பாலும் விதவையின் தோளிலேயே விழுவதால், பதிவுச் சான்றிதழே எளிய காப்பு. வளர்ப்புப் பிள்ளையோ, 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை பெற்று மகவேற்கப்பட்டிருந்தாலன்றி, வளர்த்தவரின் சட்டப்படியான வாரிசாகாது. அத்தகைய பிள்ளைக்கு வீடு சேர வேண்டுமென விரும்புவோர் மரண சாசனம் எழுதலாம். நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளும் அதற்குப் போதும்.

உறுதியில் இருப்பது யாருடைய பெயர், அது பதியப்பட்டதா, திருமணச் சான்றிதழ் கையில் உண்டா என்ற மூன்றையும் குடும்பத்தலைவர் உயிரோடிருக்கும்போதே சரிபார்த்துக்கொள்வது, பின்னாள் வழக்குகள் பலவற்றைத் தவிர்க்கும். கட்டணம் செலுத்த இயலாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மகளுக்குச் சமபங்கு தந்த சட்டம் எழுதப்பட்டு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகிறது. அந்தப் பங்கைப் பிரித்துத் தரத் தோட்டத்தில் ஒரு துண்டுக் காணி வந்து சேர்ந்திருப்பது இப்போதுதான்.