தலைக்காயம்: டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒரு நோட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து ஜி.என்.டி. சாலையில் பைக்கில் திரும்பும்போது தலையில் அடிபட்டால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். அதற்குப் பிந்தைய மாதங்கள் வீட்டாரின் பொறுப்பு. மறதி, எரிச்சல், தூக்கக் கோளாறு, சட்டென்று வரும் களைப்பு எல்லாம் நீண்டகாலம் படுத்தலாம். வலிப்பு சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். எனவே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டது, மாத்திரை போட்டதை மறந்தது, குழம்பு தீய்ந்த வாடை தெரியாமல் போனது. மோப்பம் போனவருக்கு கேஸ் கசிவும் தெரியாது. சிலிண்டரை மூடும் வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

‘ஸ்கேன் நார்மல்தானே, வேலைக்குப் போகட்டும்’ என்பார்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பிழைகளின் நுண்ணிய சிதைவு அதில் பெரும்பாலும் பிடிபடாது. அதனால் ஏற்படும் மந்தத்தைச் சோம்பல் என்பது அநியாயம். அப்படிப்பட்டவரை ரோலிங் மில்லில் இரவு ஷிப்டுக்கு அனுப்புவது ஆபத்து. டாக்டர் எழுதித் தரும்வரை பைக், கிரேன், உயரத்து வேலை வேண்டாம். மது கூடவே கூடாது. ‘சம்பளம் போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி?’ என்ற கேள்வி நியாயமானது. இ.எஸ்.ஐ. உள்ளவருக்குப் பணிக்காயம் என்று ஏற்கப்பட்டால், தற்காலிக இயலாமைக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் நிபந்தனைகளோடு இதில் அடங்கும். பாதிப்பு நிலைத்துவிட்டால் மருத்துவக் குழு மதிப்பிடும்; அங்கே டிஸ்சார்ஜ் சம்மரியோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். வாரங்கள் கழித்துத் தலைவலி கூடினாலோ, வாந்தியும் மயக்கமும் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.