மண் விளக்கு சொல்லும் சாட்சி

உரோமாபுரியின் சுரங்கக் கல்லறைகளைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் கேட்டிருக்கிறோம். அங்கே கிடைத்த மண் விளக்குகளும் கலங்களும் நமக்குக் கற்பிப்பது யாது?

இறந்தோரை நகருக்குள் அடக்கம் செய்யலாகாது என்பது பழைய உரோமைச் சட்டம். ஆகவே ஆப்பியா, சலாரியா முதலிய பெருவழிகளின் ஓரத்தில், மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து கல்லறைகள் அமைத்தனர். சுவரில் அடுக்கடுக்காக மாடங்கள். உடலைக் கிடத்தியபின் மாடத்தின் வாயை ஓடுகளால் அல்லது பளிங்குப் பலகையால் மூடிச் சாந்து பூசினர். சாந்து காயுமுன் விளக்கு, காசு, கண்ணாடிக் குப்பி போன்றவற்றை அதில் பதித்தனர்; குழந்தையின் கல்லறையில் சிலவேளை அதன் பொம்மையையும் பதித்தனர். பெயர் பொறிக்காத பல கல்லறைகளுக்கு அவையே அடையாளம்.

அவ்விளக்கு நம் அகலைப் போல் திறந்ததன்று. இரண்டு அச்சுகளில் களிமண்ணை அழுத்தி, ஒட்டிச் சுட்டது. மேலே எண்ணெய் ஊற்ற ஒரு துளை. மூக்கில் திரிக்கு ஒரு துளை. சிலவற்றின் அடியில் பட்டறையின் முத்திரை. 3-ஆம் நூற்றாண்டில் அன்னியுஸ் என்பவரின் முத்திரையோடு, நல்லாயன் உருவம் பொறித்த விளக்குகள் வந்தன. அதே பட்டறை உரோமைத் தெய்வங்களின் உருவங்களையும் பொறித்து விற்றது! ஆதலால் விளக்கை மட்டும் கண்டு, அக்கல்லறை கிறிஸ்தவருடையது என முடிவு கட்டலாகாது.

ஆயினும் அது காலத்தைக் கூறும். வட ஆப்பிரிக்காவில் 5-ஆம் நூற்றாண்டில் செய்த செந்நிற விளக்கு ஒன்று சாந்தில் பதிந்திருந்தால், அக்கல்லறை அதற்கு முன்னர் மூடப்பட்டிருக்க இயலாது. ஆனால் இடத்தைக் குறிக்காமல் பெயர்த்தெடுத்த விளக்கோ ஊமையாகிவிடுகிறது.

குப்பிகளின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. செந்நிறக் கறை படிந்த குப்பிகளில் இருந்தது வேதசாட்சிகளின் இரத்தமே என்று பலர் நம்பினர். இரத்தக் குப்பி வேதசாட்சியின் உறுதியான அடையாளம் என 1668-ல் உரோமையில் ஆணையும் பிறந்தது. 1855-ல் விக்டர் தெ பக் என்னும் இயேசு சபைக் குரு அக்கருத்தை எதிர்த்து நூல் எழுதினார். அக்குப்பிகள் பெரும்பாலும் நறுமணத் தைலம் வைத்தவையே என்று பின்வந்த அறிஞர்கள் கண்டனர்.

இதனால் வேதசாட்சிகளின் மகிமை குறைந்ததா? இல்லை. உண்மைக்கு அஞ்சாததே மெய்யான விசுவாசம். சோதித்தறிந்து நம்பும் பழக்கத்தை, தோழியரே, அச்சிறு மண் விளக்கிடம் கற்றுக்கொள்வோம்.