கைக்குழந்தையும் கார்டு பாயிண்ட்டும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சுமார் இருபது கிலோமீட்டருக்குள் நான்கு பெரிய ஓட்டல் குழுமங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிடலாம். கோவளத்தில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ், வடநெம்மேலியில் மேரியட்டின் ஷெரட்டன் கிராண்ட், நெம்மேலியில் ஐஎச்ஜியின் இன்டர்கான்டினென்டல், மாமல்லபுரத்தில் ராடிசன் புளூ. நான்குக்கும் தனித்தனிப் பாயிண்ட் திட்டம். ஓஎம்ஆரில் வேலை பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் குடியிருக்கிற இளம் தம்பதிகள் பலரிடம் கார்டு வழியாகவும் ஆபீஸ் டூர் வழியாகவும் இந்தப் பாயிண்ட்டுகள் சேர்ந்து கிடக்கும். குழந்தை பிறந்ததும், அது நடக்க ஆரம்பிப்பதற்குள் ஐரோப்பாவை ஒரு மாதம் சுற்றிவிட்டு வரலாமே என்ற ஆசையும் வரும். ஆசையில் தப்பே இல்லை. பாயிண்ட்டை எதில் செலவழிப்பது என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. பாயிண்ட் விளையாட்டில் ஊறியவர்களிடம் இருப்பது ஒரே சூத்திரம்: ஒரு பாயிண்ட்டுக்கு எங்கே அதிகப் பைசா கிடைக்கிறதோ அங்கே கொட்டு. தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்கு அது சரி. கைக்குழந்தையோடு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால் பாயிண்ட் திரும்பி வருமா? பைசாக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் என்றால், விமானத்தின் நாட்காட்டியும் குழந்தையின் நாட்காட்டியும் ஒத்துப்போவதே இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பாயிண்ட்டுக்கான இருக்கைகளைப் புறப்படும் நாளுக்கு 355 நாள் முன்னால் திறக்கிறது. நல்ல தேதி வேண்டுமென்றால் அப்போதே பிடிக்க வேண்டும். ஆறு மாதக் குழந்தையோடு போகத் திட்டமிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கில் குழந்தை இன்னும் பிறந்தே இருக்காது. பெயர் இல்லை, பாஸ்போர்ட் இல்லை. பிறந்த பிறகும் நிச்சயம் என்று ஒன்றுமில்லை. குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதன் பிறகு ஷெங்கன் விசா. ஆறு வயதுக்குக் கீழே விசா கட்டணம் கிடையாது என்பது நல்ல செய்தி. பெரியவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஆனால் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. முடிவு வர வழக்கமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை. தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும் ஆதாரம் காட்டித்தான் விண்ணப்பமே கொடுக்க முடியும், அதாவது விசா கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே புக்கிங் இருக்க வேண்டும். நடுவில் தடுப்பூசி வேறு. நம் தேசிய அட்டவணையில் தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டலத்தில் 2024ல் 1,27,350 பேருக்குத் தட்டம்மை வந்திருக்கிறது, 1997க்குப் பிறகு அதுதான் அதிகம். 'ஊசி போட்டுவிட்டுப் போங்கள், தேதியைத் தள்ளிவையுங்கள்' என்று குழந்தை மருத்துவர் சொன்னால் எதிர்வாதம் பண்ண இடமில்லை. இத்தனை 'ஆனால்'களுக்கு நடுவே, ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவு டிக்கெட் உண்மையில் மலிவு இல்லை. பாயிண்ட்டில் எடுத்த டிக்கெட்டைப் பெரும்பாலான திட்டங்களில் ஒரு கட்டணம் கட்டி ரத்து செய்துவிடலாம்; பாயிண்ட் கணக்குக்குத் திரும்பும்.

இங்கே அனுபவசாலிகள் குறுக்கிடுவார்கள். பாயிண்ட்டின் முழுப் பலனும் பிசினஸ் கிளாஸில்தான் இருக்கிறது. குழந்தையோடு பத்து மணி நேரம் எகானமியில் உட்காருவதற்கா இத்தனை வருஷம் சேர்த்தோம் என்பார்கள். படுத்துக்கொண்டு போகும் இருக்கை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மடியில் வரும் குழந்தைக்கான கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இருக்கை வேண்டாம், டிக்கெட் வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸில், பெரியவருக்கு ஆகும் அவியோஸில் (அவர்களின் பாயிண்ட்டுக்குப் பெயர் அது) 10 சதவீதம். ஏர் கனடாவின் ஏரோபிளானில் 2,500 பாயிண்ட் அல்லது 25 கனடா டாலர். வேறு சில நிறுவனங்களோ, பெற்றோர் பாயிண்ட்டில் பறந்தாலும் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பணமாகவே கேட்கின்றன. பிசினஸ் டிக்கெட் 3 லட்சம் விற்கிற நாளில், மடியில் உட்காரும் குழந்தைக்கு 30,000 ரூபாய், அதன் மேல் வரி. ஒன்பது மாதக் குழந்தைக்கு உண்மையில் உதவுவது பாசினெட், அதாவது எகானமியில் முதல் வரிசைத் தடுப்புச் சுவரில் மாட்டும் தொட்டில். அது சில இருக்கைகளுக்கு மட்டும்தான் உண்டு; எடை வரம்பு பெரும்பாலும் 10, 11 கிலோவோடு முடிந்துவிடும். பிசினஸ் கிளாஸைத் துரத்திக்கொண்டு தோஹாவிலோ இஸ்தான்புல்லிலோ நாலு மணி நேரம் காத்திருப்பதைவிட, சென்னையிலிருந்து லண்டனுக்கோ ஃபிராங்பர்ட்டுக்கோ நேராகப் போய் இறங்கும் எகானமியும் பாசினெட்டுமே மேல் என்பது என் தீர்ப்பு.

விமான விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து விமான நிறுவனத்துக்கு மாற்றிய பாயிண்ட் திரும்பி வராது. வங்கியில் இருக்கும்வரை அது ஓட்டலாகலாம், விமானமாகலாம், பலசரக்குக் கடை வவுச்சராகக்கூட ஆகலாம்; மாற்றிய மறுநிமிடம் அந்த ஒரு நிறுவனத்தின் சொத்து. ஆகவே 'முப்பது சதவீதம் போனஸ்' என்று மின்னஞ்சல் வந்ததும் மொத்தத்தையும் தள்ளிவிடுவது, கையில் இருந்த சுதந்திரத்தை விற்றுப் பாயிண்ட் வாங்குவது போலத்தான். தேதியும் இருக்கையும் திரையில் தெரிந்த பிறகு, இரண்டு பேருக்குத் தேவையானதை மட்டும் மாற்றலாம். கைக்குழந்தையை இணையத்திலேயே சேர்க்கப் பல திட்டங்கள் விடாது. போனில் பேசி, பெற்றோரின் அதே பிஎன்ஆரில் குழந்தையின் டிக்கெட்டும் வந்துவிட்டதா என்று பார்த்து, அந்த அழைப்பிலேயே பாசினெட்டையும் கேட்டுவிட வேண்டும். கூட்டணி விமானம் என்றால் பாயிண்ட் கொடுத்த நிறுவனத்தை விட்டுவிட்டு, விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தைக் கூப்பிடுவதுதான் பயன் தரும்.

பாயிண்ட் உண்மையில் உழைப்பது ஓட்டலில். ஒரு மாதப் பயணத்தில் விமானம் இரண்டு நாள், அறை இருபத்தெட்டு நாள். அக்கோர் குழுமத்தில் 2,000 பாயிண்ட்டுக்கு 40 யூரோ கழிவு, கோடையானாலும் குளிரானாலும் அதே கணக்கு. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் பாயிண்ட்டுக்கு இரண்டு ரூபாய். பாயிண்ட் வேட்டைக்காரர்களுக்கு இது சப்பென்று இருக்கும், ஏனென்றால் இதில் உச்சம் இல்லை. எனக்குப் பிடித்ததும் அதனால்தான். ரத்து செய்யக்கூடிய விலையில் அறையைப் பிடித்துவிட்டு, கிளம்பும்போது கவுன்டரில் பாயிண்ட்டைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அதுவரை ஒரு பாயிண்ட்கூடக் கைவிட்டுப் போகாது. மேரியட்டில் ஒரே ஓட்டலில் ஐந்து இரவு பாயிண்ட்டில் தங்கினால் நான்குக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலான ஓட்டல்களில் ஓரிரு நாள் முன்புவரை ரத்து செய்யலாம், ஆனால் ஓட்டலுக்கு ஓட்டல் விதி மாறும். ஐந்து இரவு என்ற நிபந்தனையைக் குறை என்று நினைக்கிறவர்கள் குழந்தையின் தூக்கத்தைப் பற்றி யோசிக்காதவர்கள். இரண்டு நாளுக்கு ஒரு ஊர் என்று ஓடினால் குழந்தை எந்த அறையிலும் பழகாது. வியன்னாவில் ஐந்து இரவு, மியூனிக்கில் ஐந்து இரவு என்று விதியே கட்டிப்போடுவது நல்லதுக்குத்தான்.

ஆனாலும் எல்லா இரவையும் பாயிண்ட்டில் கழிக்கக் கூடாது. ஐரோப்பிய நகர ஓட்டல் அறைகள் பலவும் இரண்டு பேருக்கு அளந்து கட்டியவை. தொட்டில் போட்டால் பெட்டியைத் திறக்க இடம் இருக்காது. ஆறு மாதத்துக்கு மேலான குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழோ பருப்பு சாதமோ காய்ச்ச அடுப்பு வேண்டும், துணி துவைக்க மெஷின் வேண்டும். அடாஜியோ மாதிரி சமையலறை உள்ள அபார்ட்மென்ட் ஓட்டல்கள் பாயிண்ட்டில் அமைந்தால் சரி. இல்லையென்றால் வாரத்தில் சில நாளுக்கு வாடகை வீட்டைப் பணத்தில் எடுப்பதே புத்திசாலித்தனம். எந்தப் பாயிண்ட் எங்கே செல்லும் என்பதும் முக்கியம். டாடாவின் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய், தாஜில் செல்லும். ஐரோப்பா என்றால் தாஜுக்கு முக்கியமாக லண்டன்தான். கைநிறைய நியூகாயின் இருந்தால் அதை இங்கேயே கோவளத்தில் கரைத்துவிட்டு, உலகெங்கும் செல்லும் பாயிண்ட்டை ஐரோப்பாவுக்கு எடுத்துவைக்கலாம்.

சேர்த்து வைக்கிற பாயிண்ட்டின் மதிப்பை நாளைக்கே குறைத்துவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான பயம். குறைப்பார்கள். வாடகை, வாலட், காப்பீடு என்று பாயிண்ட் தரும் செலவுகளை ஒவ்வொன்றாக நம் வங்கிகள் கழித்துக்கொண்டே வந்திருக்கின்றன. கொடுத்தவரே எடுத்துக்கொள்வது இந்தக் கடற்கரை முன்பே பார்த்த கதைதான். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்ட் துறைமுகத்தின் வணிகர்கள் 1720களில் கோவளத்தில் கிடங்கு வைத்து வியாபாரம் செய்தார்கள். பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722 டிசம்பரில் அவர்களின் ஆஸ்டெண்ட் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார், லாபமும் கொட்டியது. தன் மகள் மரியா தெரசாவின் வாரிசுரிமைக்குப் பிரிட்டனின் சம்மதம் தேவைப்பட்டபோது, 1727ல் அந்தச் சாசனத்தை அவரே நிறுத்திவைத்தார். 1731ல் வியன்னா உடன்படிக்கையோடு எல்லாம் முடிந்தது. பங்குதாரர்களை யாரும் கேட்கவில்லை. பாயிண்ட் திட்டத்தின் விதிமுறையிலும் 'முன்னறிவிப்பின்றி மாற்றும் உரிமை' என்று ஒரு வரி எங்காவது இருக்கும். இதற்கு மருந்து பதுக்குவதும் இல்லை, பதறிப்போய் டோஸ்டர் வாங்குவதும் இல்லை. ரத்து செய்யக்கூடிய புக்கிங்கை முன்கூட்டியே போட்டுவிடுவதுதான். அறைக்கு இன்றைய பாயிண்ட் விலை நிலைத்துவிடும். நாளை ஏற்றினால் நமக்கு நஷ்டமில்லை, இறக்கினால் ரத்து செய்து மறுபடி எடுக்கலாம்.

இதையெல்லாம்விடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு: பாயிண்ட்டே ஒரு தூண்டில், அதற்காகச் செலவு கூடுகிறது என்பது. இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். கார்டு பாக்கியை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலே மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி. எந்தப் பாயிண்ட்டும் அதை ஈடுகட்டாது. கோவளம் கடற்கரையில் மீன் வாங்கினால் ஜிபேயில் கணக்கிலிருந்தே பணம் போகிறது. கார்டு பாயிண்ட் வராது. அதற்காக மாலில் பொட்டலம் போட்ட மீனைக் கார்டில் வாங்கத் தொடங்கினால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் ஆகிற செலவு, அதாவது பிரசவ ஆஸ்பத்திரி பில், தடுப்பூசி, டயப்பர், இவற்றில் வருவது மட்டுமே நம் பாயிண்ட். ஐரோப்பாவில் போய்க் கார்டைத் தேய்க்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்: பெரும்பாலான இந்திய கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13. இரண்டு சதவீதப் பாயிண்ட்டுக்காக நாலு சதவீதம் கொடுக்கிற கணக்கு அது.

ரொக்கத்தில் விட்டுவிட வேண்டியவற்றில் ரயிலும் ஒன்று. ஜெர்மன் ரயில்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமே இல்லை, அங்கே பாயிண்ட்டுக்கு வேலையும் இல்லை. காப்பீட்டையும் பணத்தில் எடுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு குழந்தைக்கும் வேண்டும். பாயிண்ட்டில் எடுத்த டிக்கெட் என்றால் விமானம் ரத்தானால் கேட்க நாதியில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, பாயிண்ட் திட்டத்தில் வழங்கிய டிக்கெட்டுக்கும் தான் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஃபிராங்பர்ட்டிலிருந்து சென்னை மாதிரி 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு, நிறுவனத்தின் தவறால் ரத்தானால் தலைக்கு 600 யூரோ வரை கேட்கலாம். இலவசமாகப் பறக்கும் குழந்தை அந்தக் கணக்கில் வராது. ஒன்றரை வயதுக்கு மேல் கிளம்புகிறவர்கள் இன்னொரு தேதியையும் பார்க்க வேண்டும்: பயணத்தின் நடுவில் குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தால், திரும்பும் விமானத்தில் அதற்குத் தனி இருக்கை கட்டாயம். ஆகவே போகும் டிக்கெட்டுக்கு இரண்டு இருக்கை தேடினாலும், வரும் டிக்கெட்டுக்கு ஆரம்பத்திலேயே மூன்றாகத் தேடுங்கள்.