வாகனத் தீ விபத்தும் குறைபாட்டுப் பதிவும்: தங்கவயல் தரும் பாடம்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880-ஆம் ஆண்டு சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். அன்று முதல் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும் வரை, தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் எஃகு வடத்தில் தொங்கும் கூண்டில் ஏறிப் பூமியின் ஆழத்திற்கு இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அத்தனை ஆழத்தில் மனித உயிர் ஒரு வடத்தை நம்பியிருந்தது.

அந்த வடம் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தெளிவாகக் கூறியது. கூண்டை ஏற்றி இறக்கும் வடமோ சங்கிலியோ அறுந்தாலும், சுரங்கத்தில் தீ மூண்டாலும், அதனை உரிய அதிகாரிக்கு அறிவித்தாக வேண்டியிருந்தது. ஒருவருக்கும் காயம் நேரவில்லை என்பது அறிவிக்காமல் இருப்பதற்குக் காரணமாகவில்லை. இன்று தப்பிய ஆபத்து நாளை உயிரைப் பறிக்கும் என்பதே இவ்விதியின் அடிப்படை.

சுரங்கம் மூடப்பட்ட பின்னர் இந்நகர மக்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிற்காக நாள்தோறும் பெங்களூர் சென்று வருகின்றனர். பெரும்பாலோர் ரயிலில் செல்கின்றனர். சாலை வழியே செல்வோரும் உளர். கூண்டுக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு நெறி அவர்கள் ஏறிச் செல்லும் காருக்கும் உண்டா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

தீ மூளும் விதம்

தீ உண்டாக எரிபொருள், வெப்பம், பிராணவாயு ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். காரின் எஞ்சின் அறையில் இம்மூன்றும் எப்பொழுதும் அருகருகே உள்ளன. அவற்றைப் பிரித்து வைப்பவை ஒரு ரப்பர்க் குழாய், ஒரு கேஸ்கட், ஒரு மின்கம்பியின் உறை போன்ற சிறு பாகங்களே.

பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். அந்த ஆவி பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். குழாய் வெடித்தோ இணைப்புத் தளர்ந்தோ கசியும் எரிபொருள் ஒருவகை ஆபத்து. எஞ்சின் எண்ணெய் கசிந்து, கொதிக்கும் புகைபோக்கிக் குழாயின்மீது சொட்டுவது இன்னொரு வகை. மின்கம்பியின் உறை உராய்ந்தோ எலி கடித்தோ மின்கசிவு ஏற்படுவது மூன்றாவது வகை.

பின்னர்ப் பொருத்தப்படும் கூடுதல் விளக்கு, ஒலிபெருக்கி, ஹாரன் முதலியவற்றிற்காக மூலக் கம்பியை வெட்டி ஒட்டுப்போடுவது பல தீ விபத்துகளுக்கு வழிவகுக்கிறது. 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக 30 ஆம்பியர் ஃப்யூஸ் பொருத்துவது மிகத் தவறு. முன்பு ஃப்யூஸ் உருகிக் கம்பியைக் காத்தது. இப்பொழுது கம்பியே உருகும்.

யார் பொறுப்பு?

ஒரு கார் எரிந்தவுடன் எழும் வாதம் இதுவே. உற்பத்தியாளர் பராமரிப்பைக் குறை கூறுவார். உரிமையாளர் உற்பத்தியைக் குறை கூறுவார். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் எரிந்துபோன ஒரே வண்டியைக் கொண்டு இதனைத் தீர்மானிப்பது கடினம். ஏனெனில் வண்டியோடு சான்றும் எரிந்துவிடுகிறது. முழுக் காப்பீடு உள்ளவருக்கு இழப்பீடு கிடைக்கிறது, கோப்பு மூடப்படுகிறது. மூன்றாம் நபர்க் காப்பீடு மட்டும் உள்ளவருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொருவரும் அதனைத் தம் தலைவிதி என்று எண்ணி அமைகின்றனர்.

ஒரே வகைக் காரில், ஒரே இடத்தில், ஒரே விதமாக நிகழ்ந்த நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பார்க்கும்போதுதான் உண்மை புலப்படும். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. ஃபோர்டு பிண்டோ காரில், பின்புறம் மோதினால் பெட்ரோல் தொட்டி உடைந்து தீப்பிடிக்கும் குறை அரசின் விசாரணைக்கு உள்ளானது. 1978-ல் சுமார் 15 லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

இந்தியாவில் சட்டம் வந்த வழி

நம் நாட்டில் நெடுங்காலம் இது உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 2010 பிப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம், எரிபொருள் கசிவுக்கு இடமளிக்கக்கூடிய கேஸ்கட்டை மாற்றுவதற்காக சுமார் 1 லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டில் டாட்டா நானோ கார்கள் சில தீப்பிடித்ததையடுத்து, புகைபோக்கி, மின் அமைப்பு ஆகியவற்றிற்குக் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்து தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால் இது திரும்பப் பெறுதல் அன்று என்றும் கூறியது. உற்பத்தியாளர் சங்கம் 2012-ல் தன்விருப்ப நெறிமுறை ஒன்றை வகுத்தது.

2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநர், பயணிகள், சாலையைப் பயன்படுத்தும் பிறர் ஆகியோருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை இருப்பின், அவ்வகை வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு ஆணையிடலாம். உற்பத்தியாளர் முழு விலையையும் திருப்பித் தரவோ, வாகனத்தை மாற்றித் தரவோ, பழுதைச் சரிசெய்யவோ வேண்டும். குறையைத் தாமே கண்டறிந்து அறிவித்துத் திரும்பப் பெறுபவருக்கு அபராதம் இல்லை. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவை ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். கட்டாயத் திரும்பப் பெறுதலுக்கு, விற்பனை அளவிற்கேற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் வர வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உள்ளது. கதவுப் பூட்டு பழுதானால் பலர் புகார் செய்வர். தீ விபத்தோ அரிதாக நிகழ்வது. ஆனால் நிகழ்ந்தால் உயிரைப் பறிப்பது. எண்ணிக்கை சேரட்டும் எனக் காத்திருப்பது இதற்குப் பொருந்தாது. நல்வாய்ப்பாக, உரிமையாளர்களின் புகார் மட்டுமன்றி, பரிசோதனை நிலையத்தின் அறிக்கையையும் வேறு எந்த வழியில் வரும் தகவலையும் ஏற்கச் சட்டம் இடமளிக்கிறது. தீயணைப்புத் துறை, காவல் துறை, காப்பீட்டு ஆய்வாளர் ஆகியோரின் பதிவுகள் இவ்வழியில் பயன்பட முடியும்.

மின்சார வாகனங்களில் கண்ட அனுபவம் இதனை உணர்த்துகிறது. 2022 மார்ச்சில், தங்கவயலுக்குத் தொலைவில் இல்லாத வேலூரில், மின்னேற்றத்தில் வைக்கப்பட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். வேறு ஊர்களிலும் அக்காலத்தில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அரசு வல்லுநர் குழுவை அமைத்தது. ஏப்ரலில் மூன்று நிறுவனங்கள் 6,000-க்கும் மேற்பட்ட ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தன. மின்கலத்திற்கான கடுமையான தர விதிகள் அதே ஆண்டு டிசம்பரில் முதற்கட்டமாக நடைமுறைக்கு வந்தன. நிகழ்ச்சிகள் ஒன்றாக நோக்கப்பட்டதால் நடவடிக்கை விரைந்தது.

உரிமையாளரின் கடமைகள்

பெட்ரோல் வாடையோ, கம்பி கருகும் நாற்றமோ, புகையோ தோன்றினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அனைவரும் இறங்கி விலகிச் செல்ல வேண்டும். எஞ்சின் மூடியைத் திறக்கலாகாது. திறந்தால் காற்று புகுந்து தீ ஓங்கும். பெட்ரோல் தீயின்மீது நீர் ஊற்றலாகாது. 112 என்னும் எண்ணில் உதவி கோர வேண்டும்.

பழுது நீக்கிய ரசீதுகளைப் பாதுகாக்க வேண்டும். தீக்குப் பின், ஆய்வு முடியும்வரை வண்டியை அப்புறப்படுத்தவோ பழைய இரும்பாக விற்கவோ கூடாது. எரிந்த நிலையைப் புகைப்படம் எடுத்து, தீயணைப்புத் துறையின் அறிக்கையைப் பெற வேண்டும். வாகன் இணையதளத்தில் குறையைப் பதிவு செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையால் விளைந்த தீங்கிற்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். தங்கவயல்வாசி அதற்காக உற்பத்தியாளர் இருக்கும் நகருக்குச் செல்லத் தேவையில்லை.

அலுவலர்களின் பொறுப்பு

‘மின்கசிவு காரணம்’ என்ற ஒரு வரியோடு அறிக்கையை முடிப்பது எவருக்கும் பயன்படாது. வாகனத்தின் வகை, உற்பத்தி ஆண்டு, தீ தோன்றிய இடம், ஓடிய தூரம், பின்னர்ப் பொருத்திய கருவிகள் ஆகிய ஐந்தையும் குறிக்கும் எளிய படிவம் ஒன்று ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் இருத்தல் நலம். ஆள் சேதமின்றி அணைந்த சிறு தீயும் அதில் இடம்பெற வேண்டும். மாவட்ட அளவில் தொகுத்து ஆண்டுதோறும் ஒப்புநோக்கினால், எந்த வகை வண்டியில் எந்த இடத்தில் தீ திரும்பத் திரும்பத் தோன்றுகிறது என்பது தெளிவாகும். பொறியியல் மாணவர்கள் இப்பணியை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம்.

வடம் அறுந்து எவரும் சாகாத நாளையும் சுரங்கச் சட்டம் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. எவரும் சாகாமல் அணைந்த கார்த் தீயையும் அவ்வாறே பதிவு செய்வோமாயின், அடுத்த தீ மூளுமுன் அதன் காரணத்தைக் களைய இயலும்.