பிள்ளைகளின் மனச்சோர்வு: பெற்றோர் அறிய வேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பம் முதலில் கணக்கெடுப்பது வீட்டையும் காணியையும்தான். பிள்ளை இழந்ததை யாரும் எழுதிக்கொள்வதில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. தப்பிய குடும்பங்கள் பல, பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்ட காலம் தங்க நேர்ந்தது. இவ்வாறு வாழும் பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலை இல்லை. தனியே அழவும் இடமில்லை.

இத்தகைய இழப்பின் பின் சில பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரலாம். இது சோம்பலோ, செய்வினையோ அல்ல, குணமாக்கக்கூடிய நோய். மனச்சோர்வுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயிரை மாய்க்க முயல்வதில்லை. ஆயினும் அந்த ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

அடையாளங்கள்

வளரும் வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் மாறுதல், படிப்பில் பின்தங்குதல், நண்பர்களை விட்டு ஒதுங்குதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, விருப்பமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், முன்பு ஒருமுறை முயன்றிருத்தல் ஆகியன உடனே கவனிக்க வேண்டியவை.

நாம் செய்யக்கூடியவை

1. நேராகக் கேளுங்கள். "கண்ணு, உசுரோட இருக்கவே வேணாம்னு தோணுதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனப்பாரம் இறங்கவே அது உதவும். திட்டாமல், புத்தி சொல்ல அவசரப்படாமல், முழுவதையும் கேளுங்கள்.

2. மருந்தைப் பூட்டி வையுங்கள். உயிரை மாய்க்கும் முடிவு பல வேளைகளில் சில நிமிட ஆத்திரத்தில் எடுக்கப்படுகிறது. அந்த நிமிடங்கள் கடந்தால் உயிர் தப்பும். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு இறந்தனர். அவ்வாண்டிலும், 1998 இலும், 2008 முதல் 2011 வரையிலும் கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. 2015 அளவில் இறப்பு வீதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மக்களின் கவலைகள் தீர்ந்துவிடவில்லை. நஞ்சு கைக்கு எட்டாததால் பலர் பிழைத்தார்கள். ஆகவே மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே பெட்டியில் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கட்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அவ்வாறே பாதுகாத்திடுங்கள்.

3. தனியே விடாதீர்கள். சாகும் எண்ணம் உண்டென்று பிள்ளை சொன்னால், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பசறை வைத்தியசாலையில் விடயத்தைச் சொன்னால், தேவைப்படின் பதுளையிலுள்ள மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் இரவு பகலாகப் பேசலாம்.

4. பொலிசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். உயிரை மாய்க்க முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. பிள்ளை நஞ்சருந்தியிருந்தால் நாட்டு வைத்தியம் பார்த்துத் தாமதிக்க வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

• நம் லயத்தில் மருந்துப் போத்தல்கள் இன்று எங்கே இருக்கின்றன?
• பிள்ளை ஒன்று மனம் திறந்து பேசக்கூடிய பெரியவர் நம்மிடையே யார்?
• இரவில் வைத்தியசாலைக்குப் போக வாகனத்துக்கு என்ன ஒழுங்கு செய்யலாம்?